உபாத்தியும் பந்தியும்

ஆறுமுக நாவலரின் 'சைவதூஷணபரிகாரம்' 1854 இல் வெளிவந்தது. சைவர்களுக்காக எழுதப்பட்ட நூல். ஆனால் அதை ஊன்றிப் படித்திருக்க வேண்டியவர்கள் கிறிஸ்தவர்கள் என்றே இப்போது தோன்றுகிறது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் வளர்ந்தவன் நான். நாவலர் என்றால் எங்கள் வீட்டில் நல்ல வசனநடை, பாலபாடம், கூடவே 'எங்களைத் திட்டியவர்' என்ற ஒரு முணுமுணுப்பு. அவர் என்ன கேட்டார் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அண்மையில் அந்த நூலையும் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தையும் அருகருகே வைத்துப் படித்தபோது, அவர் கேள்வி இன்னும் சரியான பதில் பெறாமல் கிடப்பது தெரிந்தது. வேதாகமத்தின் சட்டம் எதற்காகத் தரப்பட்டது? அதில் எது நிற்கிறது, எது போய்விட்டது? எந்த அளவுகோலை வைத்து அதைத் தீர்மானிக்கிறோம்?

கேட்டவர் வெளியாள் அல்லர். யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்கு ஆண்டுக்கணக்காக உழைத்தவர். 1848 இல் அங்கிருந்து விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பேர்சிவலின் மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. ஆகவே நாலு ஆண்டு கழித்து நாவலர் மறுப்பு எழுத உட்கார்ந்தபோது, லேவியராகமமும் எண்ணாகமமும் அவருக்குக் கேள்விப்பட்ட புத்தகங்கள் அல்ல. பெரும்பாலான விசுவாசிகள் புரட்டிக் கடந்துபோகும் அந்தப் பக்கங்களை மொழிபெயர்ப்பு மேசையில் இருந்து படித்தவர் அவர்.

நாவலரின் முறை எளிமையானது. திருநீறு, அபிஷேகம், தீபம், தூபம், தீட்டு, யாத்திரை எல்லாம் அறியாமை என்று மிஷன் துண்டுப்பிரசுரங்கள் இகழ்ந்தன. நாவலர் அவர்களுடைய வேதத்தையே திறந்து காட்டினார். அவர் வழியில் நாமும் திறந்து பார்க்கலாம். யாத்திராகமத்தின் பிற்பாதியில் பெரும்பகுதி கூடாரம், பலிபீடம், குத்துவிளக்கு, தூபவர்க்கம், அபிஷேக தைலம், ஆசாரியரின் உடை. லேவியராகமம் 12 ஆம் அதிகாரம் பிள்ளை பெற்றவளின் தீட்டு நாட்களை எண்ணித் தருகிறது. எண்ணாகமம் 19 இல் சிவப்புக் கிடாரி ஒன்றை எரித்து, அந்தச் சாம்பலை நீரில் கலந்து தெளித்தால் தீட்டு நீங்கும் என்கிறது. இவற்றைக் கட்டளையிட்டவர் கர்த்தரே. சாம்பலாலும் விளக்காலும் தம்மை வழிபடச் சொன்ன ஒரு கடவுளை வணங்குகிறவர்கள், சாம்பலும் விளக்கும் வழிபாட்டுக்கு ஒவ்வாதவை என்று இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது?

இதற்குக் கிறிஸ்தவத் தரப்பில் தயாராக ஒரு பதில் இருந்தது, இன்றும் இருக்கிறது. நியாயப்பிரமாணம் மூவகைப்படும்: ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், இஸ்ரவேல் அரசுக்குரிய குடிமைச் சட்டம். சடங்குகள் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல்கள். அவர் வந்ததும் அவை ஒழிந்தன. குடிமைச் சட்டம் அந்த அரசோடு முடிந்தது. பத்துக் கட்டளைகளில் அடங்கிய ஒழுக்கச் சட்டம் மட்டும் என்றைக்கும் நிற்கும். 13 ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இப்பிரிவை விரிவாக எழுதினார். அங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஏழாவது விதி இதன் சுருக்கம். 1646 இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கையின் 19 ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது.

ஒழுங்கான பதில்தான். ஆனால் வேதாகமத்தில் அந்தக் கோடு இல்லை. உன்னைப் போலப் பிறனையும் நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தின் 18 ஆம் வசனம். இருவகை நூல் கலந்த துணியை உடுக்காதே என்பது 19 ஆம் வசனம். இரண்டுக்கும் நடுவே 'இதுவரை ஒழுக்கம், இனிச் சடங்கு' என்று எந்தக் குரலும் சொல்வதில்லை. ஓய்வுநாளோ பத்துக் கட்டளைகளுக்கு உள்ளேயே இருக்கிறது. அதைச் சனியிலிருந்து ஞாயிறுக்கு நகர்த்திய சபைகள் அது மாறாத ஒழுக்கச் சட்டம் என்றும் சொல்லிக்கொண்டன. புதிய ஏற்பாட்டுக்கு வந்தாலும் சிக்கல் தீராது. நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று இயேசுவே மத்தேயு 5 இல் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 21 இல் பவுல் எருசலேம் ஆலயத்துக்குப் போய், பொருத்தனை செய்த நாலுபேரோடு தம்மையும் சுத்திகரித்துக்கொள்கிறார். அதே நூலின் 15 ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை கூடி, புறவினத்து விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று தீர்ப்பளிக்கிறது. ஆனால் இரத்தத்தையும் நெரிக்கப்பட்டுச் செத்ததையும் உண்ணாதிருக்கச் சொல்கிறது. இரத்த வறையை ருசித்துச் சாப்பிட்ட நம் கிறிஸ்தவர் எத்தனை பேர் அந்த வசனத்தை நினைத்திருப்பார்கள்?

அப்படியானால் அளவுகோல் எங்கே? நாவலரைப் படிக்கும்போது எழும் சங்கடமான எண்ணம் இது: ஐரோப்பிய வழக்கத்தோடு ஒத்துப்போனதை ஒழுக்கம் என்றோம். ஒத்துப்போகாததைச் சடங்கு என்றோம். மூவகைப் பிரிவு நேர்மையான இறையியல் முயற்சிதான். ஆனால் ஒரு குடியேற்ற நாட்டில், ஆள்கிறவர்களின் மதமாக அது வந்தபோது, பிரிக்கும் கத்தி யார் கையில் இருந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

*

இந்த இடத்தில்தான் கலாத்தியர் நிருபத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. சட்டத்தின் நோக்கம் என்ன என்ற கேள்வியைப் பவுல் நேரடியாக எழுப்புவது அங்கே, மூன்றாம் அதிகாரத்தில். பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஆனால் அந்தக் கேள்வி பிறந்தது இரண்டாம் அதிகாரத்தில், ஒரு சாப்பாட்டுப் பந்தியில்.

அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் புறவினத்து விசுவாசிகளும் ஒன்றாக உண்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு உண்கிறார். யாக்கோபிடமிருந்து சிலர் வருகிறார்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, பேதுரு மெல்ல விலகுகிறார். மற்ற யூதர்களும் அவரோடு விலகுகிறார்கள். பவுலின் நண்பர் பர்னபாவும் அதில் இழுபடுகிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார்.

இந்தக் காட்சியைத் தமிழருக்கு விளக்க உரையாசிரியர் தேவையில்லை. யார் வீட்டில் யார் கை நனைப்பது, யார் வந்தால் யார் பந்தியிலிருந்து எழும்புவது என்பதெல்லாம் நாம் எழுதாமலே மனப்பாடம் செய்த சட்டங்கள். யாரும் வாய்திறந்து எதையும் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் சாப்பிடாமல் எழுந்து போனார் என்றால், அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

மார்ட்டின் லூதர் தம் கலாத்தியர் விரிவுரையில் (1535) சட்டத்தை மனச்சாட்சியின் பக்கத்திலிருந்து படித்தார். சட்டம் மனிதனுக்கு அவன் பாவத்தைக் காட்டி, அவனை நொறுக்கி, கிருபையிடம் ஓட வைக்கிறது. கல்வின் அதோடு இன்னொரு பயனைச் சேர்த்து அழுத்தினார்: மீட்கப்பட்டவனுக்கும் சட்டம் வழிகாட்டி. புரட்டஸ்தாந்தப் பிரசங்க பீடங்களில் நாம் கேட்டு வளர்ந்தது இவ்விரண்டின் கலவை. ஆறுதல் தந்த வாசிப்பு அது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பந்தி காணாமற் போய்விட்டது. 1963 இல் சுவீடிய அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் எழுதிய கட்டுரை ஒன்று இதைச் சுட்டியது. பவுலை வாட்டியது குற்றவுணர்ச்சி அல்ல, யூதரல்லாதார் தேவனுடைய மக்களோடு எப்படிச் சேர்வது என்ற கேள்வியே என்றார் அவர். பின்னர் ஜேம்ஸ் டன், பவுல் எதிர்க்கும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்பதில் விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகியவை முன்னிற்கின்றன என்றார். அவை ஒரு மக்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் எல்லைக்கற்கள். இவர்களை மறுத்து எழுதியோரும் பலர். ஆனால் இவர்கள் நம்மைத் திரும்பப் பந்திக்குக் கூட்டிவருகிறார்கள். நிருபத்தின் வாதம் தொடங்குவது அங்கேதான்.

பிறகு சட்டத்துக்கு ஓர் உவமை சொல்கிறார் பவுல். கிரேக்கத்தில் அவர் எழுதிய சொல் 'பைடகோகோஸ்'. பழைய தமிழ் வேதாகமம் அதை 'உபாத்தி' என்றது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியம் 'வழித்துணை' என்றது. பவுலின் வாசகர் கண்ட ஆள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர். பைடகோகோஸ் ஆசிரியர் அல்லர், வீட்டு அடிமை. எசமானின் மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, தெருவில் காப்பது, நடை உடை பேச்சைக் கண்டிப்பது, தேவையானால் அடிப்பது, திரும்பக் கூட்டிவருவது அவர் வேலை. பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடலில் சோக்கிரதேஸ் ஒரு சிறுவனைச் சீண்டுவதும் இதை வைத்துத்தான்: சுதந்திரப் பிறவியான உன்னை ஓர் அடிமை ஆள்கிறானாமே! அந்த அதிகாரம் உண்மையான அதிகாரம். ஆனால் அதற்கு ஒரு தவணை உண்டு. பையன் ஆளானதும் அந்த வேலை முடிந்துவிடும். அதற்காகக் கூட்டிப்போனவர் கெட்டவர் என்று ஆகாது.

'உபாத்தி' என்றதும் நம் மனதில் வருவது பிரம்பும் வகுப்பறையும். சட்டம் பாடமாகி, சபை பள்ளிக்கூடமாகி, எவரும் தேறி வெளியேறாத வகுப்பாகி விடுகிறது. 'வழித்துணை' இதமான சொல். ஆனால் அதில் அடி விழுவதில்லை. பைடகோகோஸுக்கு நம் புலம்பெயர் வாழ்வில் கிட்டிய உருவம் ஒன்று உண்டென்றால், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்து, பனியில் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போகும் அம்மம்மாதான். அடிமை அல்லர் என்பது முக்கியமான வேறுபாடு, பயந்து பயந்து வீதியைக் கடப்பவர் என்பது இன்னொன்று. ஆனால் அவர் கை இல்லாமல் பிள்ளை வாசலை அடைந்திராது. இருபது வயதிலும் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தால் ஏதோ பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி, நாவலருக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று தெரிகிறது. பவுல் சட்டத்தை ஒழுக்கம், சடங்கு என்று இரண்டாகக் கிழிக்கவில்லை. முழுச் சட்டத்தையும் ஒரே ஆளாகப் பார்த்து, இவர் எதற்காக வந்தார், எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று கேட்கிறார். கொண்டுபோய் விடவேண்டிய இடம், யூதரும் கிரேக்கரும் அடிமையும் சுயாதீனரும் ஒன்றாக உட்காரும் பந்தி. எந்த விதியானாலும் அதைப் பவுல் நிறுப்பது இந்தத் தராசில்தான்.

அவர் நடந்துகொண்ட விதமே இதற்குச் சாட்சி. தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்யவேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்தியபோது பவுல் இம்மியும் இணங்கவில்லை என்று கலாத்தியர் 2 சொல்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவுக்குத் தாமே விருத்தசேதனம் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16 சொல்கிறது. ஒரே சடங்கு, இரண்டு முடிவு. தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். யூதர் நடுவே அவரைக் கூட்டிப்போகும் வழியை அந்தச் சடங்கு திறந்தது. தீத்து கிரேக்கர். 'இதைச் செய்தால்தான் நீ எங்களில் ஒருவன்' என்ற நிபந்தனையாக அது அவர் முன்னே வந்தது. சடங்கு என்பதற்காகப் பவுல் எதையும் தள்ளவும் இல்லை, கட்டளை என்பதற்காகக் கொள்ளவும் இல்லை. அது அந்த நேரத்தில் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தார்.

*

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் தமிழ்க் கிறிஸ்தவத்தின் கதை வேறுவிதமாகத் தெரிகிறது.

தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், புதிதாக வந்த மிஷனரிகளோடு கடுமையாக மோதினார். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுக்கிறார்கள், விழாவில் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள், நற்கருணையில் சாதி கலக்கச் சொல்கிறார்கள் என்பன அவர் முறைப்பாடுகள். 1833 இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பினார். பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டே விலகினர்.

சாஸ்திரியாரின் பட்டியலைத் திரும்பப் பார்க்கவேண்டும். கீர்த்தனை, பூ, சாதி. மூன்றையும் 'எங்கள் வழக்கம்' என்று ஒரே முடிச்சில் கட்டினார் அவர். புதிய மிஷனரிகளோ மூன்றையும் 'அஞ்ஞானம்' என்று ஒரே முடிச்சில் கட்டினர். கீர்த்தனை விஷயத்தில் சாஸ்திரியார் முற்றிலும் சரி. பாடாதே என்று சொல்ல அவர்களுக்கு வேதத்திலும் இடமில்லை, நியாயத்திலும் இடமில்லை. பூவும் யாரையும் பந்தியிலிருந்து எழுப்பியதில்லை. சாதி எழுப்பியது. முதல் இரண்டும் தீமோத்தேயு. மூன்றாவது அந்தியோகியா. முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருந்தால் தமிழ்க் கிறிஸ்தவம் தன் பாட்டையும் காப்பாற்றியிருக்கும், பந்தியையும் காப்பாற்றியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலும் கதை இதுவேதான். ஞானஸ்நானம் பெற்றவர்கள் திருநீற்றை அழித்தார்கள். சாதியை அழிக்கவில்லை. மிஷனரிகளில் பலர் சாதிக்கு எதிராகப் பேசினார்கள், சிலர் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். சபையார் பெரும்பாலும் பிடித்த பிடியை விடவில்லை. நாவலரோ இதில் மறைக்க ஒன்றும் வைக்கவில்லை. சாதியாசாரத்தைப் பேணியவர், எழுத்திலும் ஆதரித்தவர். அவர் மூளையின் கூர்மை என்னை வியக்கவைக்கும் அளவுக்கு இந்த இடத்தில் அவர் மௌனம் என்னை உறுத்துகிறது. எதிராளியின் வேதத்தில் அத்தனை பக்கங்களைப் புரட்டிக் காட்டியவர், இந்தப் பக்கத்தை மட்டும் அவர்கள் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. 'திருநீற்றை விட்டீர்களே, ஒரே பந்தியில் இருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தால் அவர்களிடம் பதிலே இருந்திராது. ஆனால் அந்தக் கேள்வி திரும்பி அவரிடமே வந்திருக்கும். திருநீற்றைப் பற்றிச் சண்டையிட்ட இரு தரப்பாரும் பந்தியைப் பற்றிப் பெரும்பாலும் ஒத்த மனத்தோடு இருந்தார்கள்.

1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடாநாட்டுப் பாடசாலைகளில் சமாசனம், சமபோசனம் என்ற பேச்சு வந்தபோது அது வெளிப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும், ஒன்றாக உண்ணவேண்டும் என்பதற்காகப் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் அதே கேள்விதான் நின்றது. வாங்கு, இலை, வாசல். இவை எல்லாம் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தின் தமிழ் உரைகள்.

*

இந்த வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அது வந்ததும் இன்னொரு புலம்பெயர் மக்களிடமிருந்து. யூத அறிஞர் டேனியல் பொயாரின் 1994 இல் எழுதிய பவுல் பற்றிய நூலில் கேட்கிறார்: யூதனுமில்லை, கிரேக்கனுமில்லை என்று எல்லாரையும் ஒன்றாக்கும்போது, யாருடைய அடையாளம் கரைந்துபோகிறது? கரையச் சொல்லப்படுவது எப்போதும் சிறுபான்மை அல்லவா? சட்டம் அடைக்கும் வேலியாக மட்டும் இருந்ததில்லை. நாடு இழந்த மக்களுக்கு அது சுமந்துபோகக்கூடிய வீடாகவும் இருந்தது. சங்கீதம் 119 இன் 176 வசனங்கள் சட்டத்தைச் சுமையாக அல்ல, மகிழ்ச்சியாகப் பாடுகின்றன. பவுலைக் காட்டி யூதரைச் 'சட்டத்துக்கு அடிமைகள்' என்று இழித்த கிறிஸ்தவ மரபின் விளைவுகளை நாம் அறிவோம்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த மறுப்பு சுடும். நாமும் சிலவற்றைச் சுமந்து வந்திருக்கிறோம். பெரிய வெள்ளியில் மரக்கறி, நற்கருணைக்குப் போகையில் தலையில் முக்காடு, கூட்டத்துக்கு முன் செருப்பைக் கழற்றுவது. இங்கே பிறந்த பிள்ளை எதற்கு என்று கேட்கிறது. 'அப்படித்தான்' என்கிறோம். அது நல்ல பதில் அல்ல. ஆனால் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் உதறிவிட்டு, இந்நாட்டின் பெரும்பான்மைச் சபைகளைப் போல் ஆகிவிடுவதும் பதில் அல்ல. அந்த வழக்கங்கள் பெரும்பாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவை. எழுந்து நன்றி சொல்லவேண்டியவை. தீமோத்தேயுவின் கணக்கில் அவற்றை வைக்கலாம். பொயாரினுக்குப் பவுலின் நிருபத்திலிருந்தே சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: அந்தியோகியாவில் பவுல் யூதரைப் பார்த்து யூதராக இருக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பந்தியிலிருந்து எழும்பாதீர்கள் என்றார். பின்வந்த திருச்சபை இந்த வேறுபாட்டை மறந்தது அதன் குற்றம்.

வேறு ஒரு சட்டத்தையும் சுமந்து வந்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, தேநீரும் றோல்ஸும் கையில் இருக்கையில், கலியாணப் பேச்சு எழும்போது தணிந்த குரலில் அது வெளிவருகிறது: 'அவை என்ன ஆக்கள்?' பையனும் பெண்ணும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தவர்கள். கேட்பவரும் சற்று முன்தான் அதே பந்தியிலிருந்து எழுந்து வந்தவர். இந்தச் சட்டம் எந்த வேதத்திலும் எழுதப்படவில்லை. மூவகைப் பிரிவில் எந்த வகையிலும் சேராது. ஆனாலும் பத்துக் கட்டளைகளில் எதற்கும் இல்லாத கீழ்ப்படிதல் இதற்குக் கிடைக்கிறது.

நாவலரின் நூலைக் கிறிஸ்தவர்கள் இன்று படிக்கவேண்டியது அவருக்கு மறுப்பு எழுத அல்ல. உங்கள் வேதத்தில் எதைக் கைக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், ஏன் என்று ஒரு யாழ்ப்பாணத்தவர் நம் மொழியில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கும் நாம்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். அதற்குக் கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் போதாது. இரண்டாம் அதிகாரத்திலிருந்து படிக்கவேண்டும்.